இசிஜி சரியாகிவிட்டது, ஆள் சரியானாரா? இதயத் துடிப்பு ஆய்வுகளைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களுக்கு இசிஜி எடுத்தால், வழக்கமான துடிப்புகளுக்கு நடுவே இதயத்தின் கீழறையிலிருந்து முந்திக்கொண்டு வரும் உபரித் துடிப்புகள் சிலருக்கு நிறையத் தெரியும். அப்படி இருப்பவர்கள் திடீரென்று இறந்துபோகும் வாய்ப்பு கூடுதல் என்பது 1980களிலேயே தெரிந்த விஷயம். உபரித் துடிப்பை மருந்தால் அடக்கிவிட்டால் சாவும் குறையும் என்று கணக்குப் போட்டார்கள். யாருக்கும் தப்பாகத் தோன்றாத கணக்கு. என்கெய்னைடு, ஃப்ளெக்கெய்னைடு போன்ற மருந்துகள் அந்தத் துடிப்புகளை அழகாக அடக்கின. அமெரிக்காவில் ஏராளமானோருக்கு எழுதியும் கொடுத்தார்கள்.

சாவு உண்மையிலேயே குறைகிறதா என்று பார்க்கத் தொடங்கியதுதான் காஸ்ட் ஆய்வு. அதில் ஒரு நுணுக்கம் உண்டு. முதலில் எல்லோருக்கும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். யாருக்குத் துடிப்பு அடங்கியதோ அவர்களை மட்டும் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அதே மருந்தும் மறு பாதிக்கு மருந்தில்லாத டம்மி மாத்திரையும் கொடுத்தார்கள். அதாவது, மருந்து 'வேலை செய்கிறது' என்று இசிஜியே சான்று சொன்னவர்கள்தான் ஆய்வுக்குள் வந்தார்கள். மருந்து கெடுதல் செய்யும் என்ற நினைப்பே இல்லாததால், நன்மை உண்டா என்று மட்டும் சோதிக்கும்படிதான் புள்ளியியல் கணக்கையே முதலில் வகுத்திருந்தார்கள். 1991இல் முழு முடிவு வெளியானது. என்கெய்னைடோ ஃப்ளெக்கெய்னைடோ சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். டம்மி மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26 பேர். சராசரியாகப் பத்தே மாதங்களில்.

இதய ஆய்வு பற்றி எந்தச் செய்தி கண்ணில் பட்டாலும் எனக்கு முதலில் எழும் கேள்வி இதனால்தான்: எதை எண்ணினார்கள்? இசிஜியில் தெரிந்ததையா, ஆளுக்கு நேர்ந்ததையா? மற்ற தவறுகளில் முக்கால்வாசி இந்தக் கேள்வியைக் கேட்காததால் வருபவைதான். (ஃப்ளெக்கெய்னைடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இதயத்தில் வேறு சேதம் இல்லாதவர்களுக்கு, வேறொரு துடிப்புக் கோளாறுக்கு. மருந்தின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு யாரும் பதற வேண்டாம்.)

அந்த வேறொரு கோளாறுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே படபடக்கும், நாடி தாறுமாறாக ஓடும், மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். இந்தப் படபடப்பைக் கிளப்பும் தப்பான மின்துடிப்புகள் பெரும்பாலும் நுரையீரலிலிருந்து இதயத்துக்கு வரும் சிரைகளுக்குள்தான் பிறக்கின்றன என்று 1998இல் பிரான்சின் போர்தோ நகரக் குழு காட்டியது. 45 நோயாளிகளிடம் கண்டுபிடித்த 69 தொடக்கப் புள்ளிகளில் 65 அங்கே இருந்தன. அந்தச் சிரைகளின் வாயைச் சுற்றிச் சுட்டோ உறையவைத்தோ தழும்பாக்கி, மின்துடிப்பு வெளியே வராமல் தடுப்பதுதான் அப்லேஷன்.

இனி, 'அப்லேஷன் செய்தவர்களில் பாதிப் பேருக்குத் தோல்வி' என்று ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தோல்வி என்றால் என்ன? பெரும்பாலான ஆய்வுகளில் அதற்கு ஒரு வரையறை உண்டு. செய்துகொண்ட முதல் மூன்று மாதத்தைக் கணக்கில் சேர்க்காமல், அதற்குப் பிறகு 30 விநாடி படபடப்பு ஒரே ஒரு முறை பதிவானாலும் தோல்விதான். கனடாவில் 346 பேரிடம் நடந்த சர்க்கா-டோஸ் ஆய்வில், தோலுக்கடியில் சின்னக் கருவி ஒன்றை வைத்து இரவும் பகலும் துடிப்பைக் கண்காணித்தார்கள். 30 விநாடிக் கணக்கின்படி ஓராண்டில் தேறியவர்கள் பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆனால் அதே ஆட்கள் படபடப்பில் கழித்த மொத்த நேரம் முன்பிருந்ததைவிட 98 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. வாரம் இரண்டு நாள் நெஞ்சு அடித்துக்கொண்டு கிடந்தவருக்கு இப்போது வருடத்தில் ஒருநாள் தூக்கத்தில் ஒரு நிமிடம் வந்து போனால், ஆய்வுக்கு அவர் தோல்வி. அவர் வீட்டில் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. எப்போதாவது ஒருநாள் ஹோல்டர் (உடம்பில் மாட்டி நாள் முழுக்க இசிஜி பதியும் கருவி) மாட்டிப் பார்த்துவிட்டு '80 சதவீத வெற்றி' என்று சொல்லும் ஆய்வையும் இரவுபகலாகக் கண்காணித்த ஆய்வையும் அருகருகே வைத்து, முதலாவதில் வைத்தியம் நன்றாக நடந்திருக்கிறது என்று முடிவுகட்டுவது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது. குறைவாகத் தேடினால் குறைவாகத்தான் அகப்படும். வெற்றி விகிதத்தைப் பார்க்கும் முன் எத்தனை நாள், எந்தக் கருவியால் தேடினார்கள் என்று பாருங்கள்.

அப்புறம் கபானா. அப்லேஷன் பற்றிய விவாதங்களில் இவ்வளவு இழுபறிக்கு ஆளான ஆய்வு வேறு இருக்காது. 2204 பேர், பத்து நாடுகள், 2019இல் முடிவு. மரணம், முடக்கும் பக்கவாதம், கடுமையான ரத்தக் கசிவு, இதயம் நின்றுபோவது ஆகிய நான்கையும் சேர்த்து எண்ணினார்கள். அப்லேஷன் என்று சீட்டு விழுந்த குழுவில் 8.0 சதவீதம், மருந்து என்று விழுந்த குழுவில் 9.2 சதவீதம். உறுதியாக வித்தியாசம் என்று சொல்ல முடியாத இடைவெளி. சிக்கல் எங்கே என்றால், மருந்துக் குழுவில் நான்கில் ஒருவருக்கும் மேல், 27.5 சதவீதம் பேர், நடுவில் அப்லேஷன் செய்துகொண்டார்கள். அப்லேஷன் குழுவில் 9.2 சதவீதம் பேர் கடைசிவரை செய்துகொள்ளவே இல்லை. சரி, சீட்டை விடுங்கள், யார் உண்மையில் செய்துகொண்டார்களோ அவர்களைப் பார்ப்போம் என்று எண்ணினால், ஆபத்து மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாகக் கணக்கு வருகிறது. அப்லேஷன் பக்கம் சாய்ந்தவர்கள் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள்.

நியாயமாகத்தானே படுகிறது? இல்லை. அப்லேஷன் மேசைக்குப் போக வேண்டுமானால் அந்த நாள்வரை உயிரோடும், மயக்கமருந்தைத் தாங்கும் உடம்போடும் இருக்க வேண்டும். நலிந்தவர்களையும், தேதிக்கு முன்பே இறந்தவர்களையும் கழித்துவிட்டு மிச்சம் இருப்பவர்களை எண்ணினால் எந்த வைத்தியமும் நல்ல வைத்தியமாகத் தெரியும். குலுக்கிப் போட்டதன் பயனே இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆட்கள் இருப்பதுதான். சீட்டை மீறி ஆட்களை இடம் மாற்றி எண்ணும்போது அந்தப் பயன் போய்விடுகிறது. அதற்காக 'அப்லேஷன் பிரயோஜனமில்லை என்று கபானா நிரூபித்துவிட்டது' என்பதும் தவறுதான். படபடப்பு திரும்ப வருவது குறைந்தது, அன்றாட வாழ்க்கை நன்றாக இருப்பதாக நோயாளிகள் சொன்னார்கள். ஆயுள் நீளுமா என்ற கேள்விக்குத்தான் அது தெளிவான விடை தரவில்லை.

நோயாளிகள் சொன்னார்கள் என்பதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. தனக்கு என்ன செய்தார்கள் என்பது நோயாளிக்குத் தெரியும். பெரிய ஆஸ்பத்திரி, பெரிய டாக்டர், தொடையில் தழும்பு, வீடு நிறையப் பார்க்க வந்தவர்கள். இத்தனைக்கும் பிறகு 'தேவலாம்' என்று தோன்றுவது இயல்பு. மாத்திரைக்கு டம்மி இருப்பதுபோல், தொடை அல்லது கை ரத்தக் குழாய் வழியாக இதயத்துக்குக் கம்பி செலுத்திச் செய்யும் கேத் லேப் சிகிச்சைக்கும் டம்மி வேண்டும். பிரிட்டனில் நடந்த ஆர்பிட்டா ஆய்வில் அதைத்தான் செய்தார்கள். நடக்கும்போது நெஞ்சுவலி வரும் 200 பேர். எல்லோரையும் மேசையில் படுக்கவைத்து, மயக்கமருந்து கொடுத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டிப் பாட்டு ஓடவிட்டார்கள். பாதிப் பேருக்கு அடைப்பைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்தார்கள், மீதிப் பேருக்கு வைக்கவில்லை. ஆறு வாரம் கழித்து, டிரெட்மில்லில் தாக்குப்பிடித்த நேரம் ஸ்டென்ட் வைத்தவர்களுக்குச் சுமார் 28 விநாடியும் வைக்காதவர்களுக்குச் சுமார் 12 விநாடியும் கூடியிருந்தது. தற்செயல் என்று ஒதுக்கிவிடக்கூடிய வித்தியாசம்தான்.

2017இல் இது வெளிவந்ததும் 'ஸ்டென்ட் ஏமாற்று வேலை' என்ற அளவுக்குப் பேச்சு போனது. ஒரு ஆய்வின் முடிவை அது பார்க்காத ஆட்கள் தலையில் ஏற்றும் தவறு இது. ஆர்பிட்டாவில் இருந்தவர்களுக்கு ஒரு ரத்தக் குழாயில் மட்டும் அடைப்பு. வலிக்கான மாத்திரைகளை முழு அளவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாரடைப்போடு ஆஸ்பத்திரிக்கு வந்த ஒருவர்கூட அதில் இல்லை. மாரடைப்பின்போது அடைபட்ட குழாயைத் திறப்பது உயிர்காக்கும் வேலை, அதில் இரண்டு கருத்து கிடையாது. அதே குழு 2023இல் 301 பேரிடம், நெஞ்சுவலி மாத்திரைகளை நிறுத்திவிட்டு மறுபடி செய்து பார்த்தபோது, ஸ்டென்ட் வலியை உண்மையிலேயே குறைத்தது. கேள்வி மாறியது, விடையும் மாறியது.

அப்லேஷனுக்கும் இந்தச் சோதனை 2024இல் வந்தது. பிரிட்டனில் 126 பேரிடம் நடந்த ஆய்வில், ஆறு மாதத்தில் படபடப்பு நேரம் அப்லேஷன் குழுவில் 60 சதவீதமும் டம்மிக் குழுவில் 35 சதவீதமும் குறைந்தது. இந்த ஆய்வு எனக்குப் பிடித்தமானது. அப்லேஷன் வெறும் மனப்பிரமை இல்லை என்பது உறுதியானது. ஒன்றுமே செய்யாவிட்டாலும் 35 குறைந்திருப்பதையும் மறைக்காமல் காட்டியது. நோய் தானாக ஏறி இறங்கும், மோசமான நாளில்தான் ஆட்கள் டாக்டரிடம் வருவார்கள், பிறகு எப்படியும் கொஞ்சம் தணியும். டம்மிக் குழு இல்லாத ஆய்வு அந்தத் தணிவையும் வைத்தியத்தின் வரவில் எழுதிவிடும்.

ஆள் மாறினால் மருந்தின் குணமும் மாறும் என்பதற்கு, இதே படபடப்புக்குக் கொடுக்கும் ட்ரோனெடரோன் என்ற மருந்து போதும். 4628 பேரிடம் நடந்த அத்தீனா ஆய்வில் (2009) அது ஆஸ்பத்திரி சேர்க்கையைக் குறைத்தது. ஆனால் அதற்கு முன்பே, இதயம் மிகவும் பலவீனமானவர்களிடம் நடந்த ஆண்ட்ரோமெடா ஆய்வை, மருந்துக் குழுவில் 25 பேரும் டம்மிக் குழுவில் 12 பேரும் இறந்ததால் பாதியில் நிறுத்தியிருந்தார்கள். படபடப்பு நிரந்தரமாகிப் போனவர்களிடம் நடந்த பல்லாஸையும் 2011இல் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

இது நம்மூர்க்காரர்களைத் தொடும் இடம் ஒன்று இருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுபவர்களுக்கு மாதாமாதம் ரத்தம் கொடுத்து ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்ற அளவு) பார்க்கும் பாடு தெரியும். கீரை சாப்பிடலாமா கூடாதா என்ற குழப்பமும் கூடவே. அந்தத் தொல்லை இல்லாத ரிவரோக்சபான், அபிக்சபான் வகை மாத்திரைகள் வந்தபோது, பெரிய பெரிய ஆய்வுகள் அவற்றுக்குச் சாதகமாக இருந்தன. ஆனால் சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கிப்போனவர்களை அந்த ஆய்வுகள் ஆரம்பத்திலேயே வெளியே நிறுத்திவிட்டன. பணக்கார நாடுகளில் அந்த நோய் அரிதாகிவிட்டது, நம் நாட்டில் இன்னும் இருக்கிறது. புதுசுதானே நல்லது, இவர்களுக்கும் அதுவே போதும் என்று பலரும் நினைத்தார்கள். ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்காவின் 24 நாடுகளில் நடந்த இன்விக்டஸ் ஆய்வு 2022இல் வெளிவந்தபோது விடை தலைகீழாக இருந்தது. ரிவரோக்சபான் சாப்பிட்ட 2275 பேரில் 552 பேர் இறந்தார்கள். பழைய வகை மாத்திரை சாப்பிட்ட 2256 பேரில் 442 பேர். ருமாட்டிக் வால்வு நோய் உள்ள ஒருவரிடம், 'என் மாமாவுக்கு மாத்திரையை மாற்றிவிட்டார்கள், நீங்களும் கேட்டுப் பாருங்கள்' என்று சொல்லும் முன் இந்த எண்களை நினைத்துக்கொள்ள வேண்டும். ஒரு ஆய்வில் யாரைச் சேர்த்தார்கள் என்பதைப் போலவே, யாரைச் சேர்க்கவில்லை என்பதையும் படிக்க வேண்டும். அந்தப் பத்தி எப்போதும் சின்ன எழுத்தில்தான் இருக்கும்.

'கண்டுபிடித்தால் தடுத்துவிடலாம்' என்ற நம்பிக்கையும் அப்படித்தான். டென்மார்க்கின் லூப் ஆய்வில் 6004 முதியவர்களில் ஒரு பகுதியினருக்குக் கண்காணிப்புக் கருவி வைத்தார்கள். கருவி வைத்தவர்களில் 31.8 சதவீதம் பேரிடம் படபடப்பு அகப்பட்டது, வைக்காதவர்களில் 12.2 சதவீதம். அகப்பட்டவர்களில் பெரும்பாலோர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையும் எடுத்தார்கள். பக்கவாதமோ ரத்தக்கட்டி அடைப்போ வந்தது முறையே 4.5, 5.6 சதவீதம், உறுதியாகச் சொல்ல முடியாத இடைவெளி. துடிப்பைக் கண்காணிக்கும் ஸ்மார்ட் கைக்கடிகாரம் எச்சரித்தால் டாக்டரைப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். கடிகாரம் பக்கவாதத்தைத் தடுத்துவிட்டது என்று ஸ்டேட்டஸ் போடத்தான் இன்னும் ஆதாரம் போதாது.

கடைசியாக, எனக்குத் தெரிந்து வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு. 2002இல் வந்த அஃபர்ம் ஆய்வில், 4060 பேரில் ஒரு பாதிக்குத் துடிப்பையே ஒழுங்குக்குக் கொண்டுவர முயன்றார்கள். மறு பாதிக்குத் துடிப்பு எப்படி இருந்தாலும் வேகத்தை மட்டும் கட்டுப்படுத்தினார்கள். இறப்பில் தெளிவான வித்தியாசம் இல்லை. துடிப்பை ஒழுங்குபடுத்துவதே வீண் என்று பலர் முடிவுக்கு வந்தார்கள். 2020இல் ஐரோப்பாவில் 2789 பேரிடம், நோய் தெரிந்து ஓராண்டுக்குள் ஒழுங்குபடுத்தத் தொடங்கிப் பார்த்த ஈஸ்ட் ஆய்வில் பலன் தெரிந்தது. அதுவரைக்கும் அஃபர்மைப் பலரும் மேற்கோள் காட்டினார்கள். அதில் இருந்த இன்னொரு செய்தியை அவ்வளவாக யாரும் சொல்லவில்லை. பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் வார்ஃபரினை நிறுத்தியிருந்தார்கள், அல்லது அவர்களது ஐஎன்ஆர் தேவையான அளவுக்குக் கீழே இருந்தது. துடிப்பை ஒழுங்குபடுத்தும் குழுவில், ஒழுங்கு நிலைத்துவிட்டால் வார்ஃபரினை நிறுத்திக்கொள்ள ஆய்வு விதியே அனுமதித்திருந்தது. இசிஜி சரியாகிவிட்டதே, இனி எதற்கு மாத்திரை என்று அன்று டாக்டர்களே நினைத்தார்கள். இன்று அப்லேஷன் முடிந்து வீடு திரும்பியவர்கள் நினைப்பதும் அதைத்தான். துடிப்பு நேராகிவிட்டதா என்பதை மட்டும் பார்த்து அந்த மாத்திரையை நிறுத்துவதில்லை. வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம், முன்பு பக்கவாதம் வந்ததா என்பதையெல்லாம் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்வார்.