அட்டை நெசவு: முதல் பட்டி முறுக்கிக்கொள்வது ஏன்?

தறி இல்லாமல் வீட்டிலேயே நெய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு அட்டை நெசவைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. நான்கு மூலைகளிலும் துளையிட்ட பத்துப் பன்னிரண்டு சதுர அட்டைகள், கொஞ்சம் பருத்தி நூல், ஒரு முனையைக் கட்ட ஜன்னல் கம்பி, மறு முனையைக் கட்ட நம் இடுப்பு. இவ்வளவுதான் தேவை. ஆனாலும் முதல் பட்டியிலேயே பலர் மனம் தளர்ந்து விட்டுவிடுகிறார்கள். கை பழகாததைவிட, அட்டை என்ன வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் தொடங்குவதுதான் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

ஒவ்வோர் அட்டையின் வழியாகவும் நான்கு பாவு நூல்கள், அதாவது பட்டியின் நீளவாக்கில் ஓடும் நூல்கள், போகின்றன. அட்டையைக் கால் சுற்று திருப்பினால் பாவு மேலும் கீழுமாகப் பிரிந்து வாய் திறக்கிறது. அதில் குறுக்கே ஓடும் நூலான ஊடையை நுழைக்கிறோம். மறுபடியும் கால் சுற்று, மறுபடியும் ஊடை. இப்படித் திருப்பத் திருப்ப, ஓர் அட்டையின் நான்கு நூல்களும் ஒன்றாக முறுக்கிக் கயிறாகின்றன. ஆக, அட்டை நெசவுப் பட்டி என்பது பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் மெல்லிய கயிறுகளை ஊடையால் கோத்துக் கட்டியதுதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை தாமாகவே விளங்கும்.

முதல் தவறு, எல்லா அட்டைகளையும் ஒரே பக்கமாகக் கோப்பது. நூலை அட்டையின் முன்முகத்திலிருந்து பின்முகத்துக்குக் கோக்கலாம். பின்னிருந்து முன்னுக்கும் கோக்கலாம். எப்படிக் கோத்தோம் என்பதைப் பொறுத்து, அட்டைகளை ஒரே திசையில் திருப்பும்போது கயிறு வலமாகவோ இடமாகவோ முறுக்கும். எல்லாமே ஒரே பக்கம் முறுக்கினால், இழுப்பிலிருந்து விடுவித்த மறுகணமே பட்டி திருகாணியைப்போலச் சுருண்டுவிடும். என் முதல் பட்டி அப்படித்தான் ஆனது. இரண்டு மாலைகள் உட்கார்ந்து நெய்ததை எவ்வளவு தேய்த்து அழுத்தியும் தட்டையாக்க முடியவில்லை. ஓர் அட்டை முன்னிருந்து, அடுத்தது பின்னிருந்து என்று மாற்றி மாற்றிக் கோத்தால் முறுக்குகள் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். கோத்து முடித்ததும் மேலிருந்து பாருங்கள்: அட்டைகள் சற்றே இடமும் வலமுமாகச் சாய்ந்து நிற்பது தெரியும். அந்தச் சாய்வை, நெய்யப்போகும் கோலத்தின் வரைபடத்தோடு ஒப்பிட்ட பிறகே முதல் ஊடையைப் போடுங்கள். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் ஆகும். தவறவிட்டால் நெய்ததைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

மூலைகளுக்குப் பெயரிடாமல் விடுவது இதன் உடன்பிறப்பு. அ, ஆ, இ, ஈ என்று எல்லா அட்டைகளிலும் ஒரே வரிசையில் எழுதிவிடுங்கள். அ, ஆ துளைகளில் சிவப்பும் இ, ஈ துளைகளில் வெள்ளையும் கோத்து, எல்லா அட்டைகளையும் ஒரே நிலையில் நிறுத்தினால் குறுக்குக் கோடுகள் வரும். அதே அட்டைகளை ஒன்றுக்கொன்று கால் சுற்று தள்ளி நிறுத்தினால் சாய்ந்த கோடுகள் வரும். நூலை மாற்றாமலே கோலம் மாறும் அழகு இந்தக் கலைக்கே உரியது. எழுத்து இல்லாத அட்டையில் இந்த விளையாட்டை ஆட முடியாது.

அடுத்து நூல். கம்பளி நூலின் மென்மையில் மயங்கி அதை முதலில் எடுக்காதீர்கள். அட்டை திரும்பும்போதெல்லாம் நூல்கள் ஒன்றோடொன்று உரசுகின்றன. பிசிர் உள்ள நூல் ஒட்டிக்கொண்டு வாய் திறக்கவே விடாது. வழவழப்பான, இழுத்தால் நீளாத, முறுக்கேறிய பருத்தி நூலே நல்லது. பாவை நீளமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். முறுக்கு நூலின் நீளத்தைத் தின்னும். அட்டைகள் நிற்கும் இடமும் முடிச்சுகளும் மீதியைத் தின்னும். ஒரு மீட்டர் பட்டி வேண்டுமென்றால் பாவு ஒன்றரை மீட்டருக்குக் குறையக் கூடாது. இரண்டு மீட்டர் வைத்தால் நிம்மதி.

ஊடையின் நிறத்தையும் பலர் யோசிப்பதில்லை. இது பாவு முகம் காட்டும் நெசவு. ஊடை உள்ளே மறைந்துவிடும்; இரு ஓரங்களில் மட்டும் புள்ளி புள்ளியாக எட்டிப் பார்க்கும். ஓர அட்டைகளின் நூல் நிறத்திலேயே ஊடையும் இருந்தால் அந்தப் புள்ளிகள் கண்ணில் படா.

அகலம் கோணலாவதுதான் எல்லாரும் சொல்லும் குறை. ஊடையை நுழைத்த உடனே இறுக்கி இழுத்தால் பட்டி சில இடங்களில் இடுங்கும். பயந்து தளர்த்தினால் வேறு இடங்களில் விரியும். ஊடையை நுழைத்ததும் ஓரத்தில் சிறு வளையம் விட்டுவையுங்கள். அட்டைகளைத் திருப்பி, திறந்த வாயில் அடிகோலை (ஊடையைத் தட்டி நெருக்கும் தட்டையான கோல்) செலுத்தி நன்றாகத் தட்டிய பிறகு அந்த வளையத்தை இழுத்துவிடுங்கள். பிறகு அடுத்த ஊடை. அளவுகோலை மடியில் வைத்துக்கொண்டு சில விரற்கடைக்கு ஒரு முறை அகலத்தைப் பாருங்கள். கை பழகும்வரை கண்ணை நம்ப வேண்டாம்.

ஒரே திசையில் திருப்பிக்கொண்டே போனால், நெய்த பக்கத்தில் சேரும் முறுக்குக்கு எதிர்முறுக்கு அட்டைகளுக்குப் பின்னால் சேரும். ஒரு கட்டத்தில் அட்டைகள் திரும்ப மறுக்கும். அப்போது பலத்தைக் காட்டினால் துளை கிழியும், நூல் அறும். திசையை மாற்றித் திருப்பினாலே பின்முறுக்கு அவிழ்ந்துவிடும். மாற்றும் இடத்தில் ஒரு நூல் வழக்கமான இரண்டு ஊடைகளுக்குப் பதிலாக மூன்றின் மேல் நிற்கும்; கோலமும் கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பும். இதைப் பிழையென்று எண்ணிப் பிரித்தவர்கள் உண்டு. பிரிக்க வேண்டாம், இதை வைத்துத்தான் வைரக் கோலங்களை நெய்கிறார்கள். கோலம் திரும்பக் கூடாது என்றால் பின்முனை முடிச்சை அவிழ்த்து, முறுக்கைச் சீவி எடுத்து, மறுபடி கட்டுங்கள்.

எழுந்து போகும்போது அட்டைகளை அப்படியே விட்டுப் போகாதீர்கள். ஓர் அட்டை நழுவித் திரும்பினாலும் கோலம் குலையும். அட்டைகளைச் சேர்த்து நூலால் கட்டிவிட்டு, ஊடையைத் திறந்த வாயிலேயே விட்டுச் செல்லுங்கள். திரும்பி வரும்போது எந்த இடத்தில் நிறுத்தினோம் என்ற குழப்பம் இருக்காது. நார்வேயில் 1904-ல் தோண்டத் தொடங்கிய ஓசெபெர்க் கப்பல் புதைமேட்டில், 52 அட்டைகள் பாதி நெய்த பட்டியோடு, நூல் கோத்தபடியே கிடைத்தன. கி.பி. 834-ல் புதைக்கப்பட்டவை அவை. யாரோ நிறுத்திய இடம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அப்படியே காத்திருந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

இடையில் தவறாகத் திருப்பிவிட்டது தெரிந்தால் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். கடைசி ஊடையை உருவிவிட்டு, அட்டைகளை வந்த வழியே கால் சுற்று திருப்புங்கள். அதற்கு முந்தைய ஊடை நிற்கும் வாய் தானாகத் திறக்கும். அதையும் உருவி, மறுபடி பின்னோக்கித் திருப்புங்கள். பிழை விழுந்த வரிசை கண்ணுக்குத் தெரியும்வரை இப்படியே பின்வாங்கலாம்.