செதில் முதலில், சுற்று அப்புறம்: செம்பில் ஒரு பாம்பு மோதிரம்

பண்டைய கிரேக்க, ரோமானியத் தங்கப் பாம்பு மோதிரங்களை உற்றுப் பாருங்கள். பலவற்றில் செதில் வேலை தலையை ஒட்டியும் வால் பக்கமும் மட்டும்தான் இருக்கும். நடு உடம்பை வழவழவென்று விட்டிருப்பார்கள். ஒளி வழுக்கி ஓடுவது அங்கேதான். உடம்பு முழுக்கச் செதில் அடிக்காதீர்கள்.

3 மி.மீ. செம்புக் கம்பி, 18 செ.மீ. நீளம் போதும். ஒரு முனையைச் சதுரமாக அடித்து ஒடுக்கி, மூலைகளைத் தட்டி உருட்டினால் வால். மறுமுனையைத் தட்டையாக்கி அரத்தால் ராவினால் தலை.

தலை அடிக்கும்போதுதான் என்னுடைய முதல் மூன்று கம்பிகளும் ஓரத்தில் விரிசல் விட்டன. அடிக்க அடிக்கச் செம்பு இறுகிவிடும்; அதற்கு மேல் அடித்தால் வெடிக்கும். சுத்தியல் துள்ள ஆரம்பித்ததும் நிறுத்துங்கள். விளக்கை அணைத்துவிட்டு, கம்பி மங்கலான சிவப்பாகும் வரை தீயில் காட்டித் தண்ணீரில் போடுங்கள். வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு கண்ணுக்குப் பிடிபடாது. நான் கூடுதலாகச் சுட்டதும் அதனால்தான். ஒரு தலைக்கு மூன்று நான்கு முறையாவது இப்படிச் சுட வேண்டிவரும்.

சரி, செதில். ஆணி முனையைப் பிறை வடிவில் ராவிக்கொண்டால் அதுவே உளி. சுழலும் மின்கருவியை நான் தொடுவதில்லை. அது உலோகத்தைச் சுரண்டி எடுத்துவிடும். உளி அமுக்குவதால் செதிலின் விளிம்பு மேலெழுந்து நிற்கும். கம்பி நேராக இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள். சுற்றிய பிறகு உளி உட்காராது.

கடைசியாக ஒருமுறை சுட்டு, விரல் கனமுள்ள மரக்குச்சியில் கையாலேயே இரண்டரைச் சுற்று சுற்றுங்கள். குறடு பட்டால் செதில் நசுங்கும்.

பின்சேர்க்கை: மோதிரம் போட்டதும் விரிந்துபோகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். கடைசியாகச் சுட்டதில் வந்த மென்மை அது. குச்சியில் வைத்தபடியே கொட்டாப்புளியால் (மரச்சுத்தியல்) மெல்லத் தட்டினால் இறுகிவிடும்.

இதையே பெரிதாக்கி, மேல்கையில் அணியும் வங்கி செய்யலாமா என்றும் கேட்டிருந்தார்கள். செய்யலாம், ஆனால் கனம் கீழே இழுக்கும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில், ஏறத்தாழ கி.மு. 200ஐச் சேர்ந்த கிரேக்கத் தங்க வங்கி ஜோடி ஒன்று இருக்கிறது. பாம்புபோல் சுருண்ட வாலோடு ட்ரைட்டன் என்ற கடல் தெய்வம் ஒன்றில், அதன் பெண் உருவம் மற்றதில். ஒவ்வொன்றும் 180 கிராமுக்கு மேல். தலைக்குப் பின்னால் ஒரு வளையம் வைத்து, அதைச் சட்டைக் கையோடு பிணைத்திருக்கிறார்கள். நீங்களும் அப்படி ஒரு வளையம் வைத்துவிடுங்கள்.