சோளகக் காற்றில் டிஸ்க் கோல்ப்: எந்தத் தட்டு, எப்படி எறிவது?

வைகாசி தொடங்கி ஆவணி கடக்கும் வரைக்கும் வன்னியில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று ஓயாது. பின்னேரம் கிளிநொச்சிப் பக்கம் வயல்வெளியில் நின்றால் தொப்பி தலையில் நிற்காது. இந்தக் காலத்தில் டிஸ்க் கோல்ப் பழகத் தொடங்கும் பிள்ளைகள் பலர் கெதியாகச் சலித்துப்போய்த் தட்டை மூலையில் வைத்துவிடுகிறார்கள். காலையில் நேராகப் போன தட்டு பின்னேரம் தலைக்கு மேல் எழும்பிப் பக்கத்து வளவுக்குள் விழுந்தால் யாருக்குத்தான் மனம் விட்டுப்போகாது? ஆனால் எங்களுடைய சோளகம் ஒரே திசையில் இருந்து மணிக்கணக்காக வீசும் காற்று. பழகுவதற்கு இதைவிட நல்ல காற்று கிடைப்பது கஷ்டம். வலுவைக் குறைத்துத் தட்டின் சாய்வைக் கவனிக்கப் பழகினால் போதும், மிச்சத்தை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

விளையாட்டைப் புதிதாகக் கேள்விப்படுபவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு இடத்தில் நின்று தட்டை எறிய வேண்டும். அது விழுந்த இடத்தில் இருந்து திரும்ப எறிய வேண்டும். சங்கிலி தொங்கும் கூடைக்குள் குறைந்த எறிகளில் போடுபவருக்கு வெற்றி. 1975இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் எட் ஹெட்ரிக் முதல் நிரந்தரத் திடலை அமைத்தார். 1983இல் இன்னோவா நிறுவனத்தின் ஈகிள் வந்தது. விளிம்பு சரிவாகச் சீவப்பட்ட முதல் தட்டு அதுதான். கடற்கரையில் விளையாடும் சாதாரணப் பறக்கும் தட்டைவிட இவை சிறியவை, கனமானவை, விளிம்பு கூர்மையானவை. கனடா, நோர்வே, பின்லாந்துப் பூங்காக்களில் இந்தத் திடல்கள் நிறைய உண்டு. அதனால்தான் விடுமுறைக்கு ஊருக்கு வரும் சொந்தக்காரரின் பெட்டியில் சொக்லேட்டோடு சேர்ந்து இப்போது தட்டும் வருகிறது. எந்தத் தட்டைக் கொண்டுவரச் சொல்வது என்று தெரிந்து வைத்திருங்கள்.

முதலில் காற்றைப் பாருங்கள்

ஒரு பிடி காய்ந்த புல்லைத் தோள் உயரத்தில் இருந்து விடுங்கள். அது எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் போகிறது என்று வடிவாகப் பாருங்கள். பனையோலை சலசலப்பதை மட்டும் நம்ப வேண்டாம். பனையின் தலையில் வீசும் காற்றும் உங்கள் இடுப்பளவில் வீசும் காற்றும் ஒன்றல்ல. நிலத்துக்குக் கிட்டக் காற்றின் வேகம் குறைவு, மேலே போகப் போகக் கூடும். அதனால் காற்று நாளில் தட்டு உயரம் எடுக்கக்கூடாது, தாழப் பறக்க வேண்டும்.

மறைப்புகளையும் கவனியுங்கள். இரணைமடுக் குளக்கட்டுக்கு வடக்கே கீழே நின்றால் சோளகம் அவ்வளவாகத் தெரியாது. அங்கே நின்று எறிந்த தட்டு கட்டின் உயரத்தைத் தாண்டியதும் குளத்தின் மேலாக வரும் முழுக் காற்றும் அதைப் பிடித்துவிடும். பாலை மரக் கூட்டத்துக்குப் பின்னாலும் இதே கதைதான். அங்கே காற்று சுழன்றும் வரும்.

காற்று குப்பென்று எழும்பி அடங்கும். அடங்கும்வரை நில்லுங்கள். போட்டி விதியிலேயே ஒரு எறிக்கு 30 விநாடி தருகிறார்கள்.

தட்டில் உள்ள நான்கு எண்கள்

பெரும்பாலான தட்டுகளின் மேல் நான்கு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். உதாரணமாக டிஸ்கிராஃப்ட் நிறுவனத்தின் பஸ் என்ற தட்டுக்கு 5, 4, -1, 1.

முதல் எண் வேகம். அந்தத் தட்டு சரியாகப் பறக்க எவ்வளவு வேகமாக எறிய வேண்டும் என்பதை இது சொல்லும். 12, 13 என்று போட்டிருப்பவை பலகாலம் பழகியவர்களுக்கு. புதியவர் எறிந்தால் அவை பாதி வழியில் இடப்பக்கம் சரிந்து விழும். இரண்டாவது எண் மிதப்பு. இது கூடினால் தட்டு காற்றில் நெடுநேரம் நிற்கும். மூன்றாவது, எறிந்தவுடன் வேகமாகப் போகும்போது தட்டு எவ்வளவு வலப்பக்கம் திரும்பும் என்பது. -1 என்றால் கொஞ்சம், -3 என்றால் நிறைய. நான்காவது, வேகம் குறைந்த பிறகு கடைசியில் எவ்வளவு இடப்பக்கம் இழுக்கும் என்பது. இடம், வலம் எல்லாம் வலது கையால் பின்கை எறிபவருக்குச் சொன்னது. அதாவது தட்டை நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்து எறிவது. இடதுகைக்காரர்கள் எல்லாவற்றையும் மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.

வலப்பக்கம் திரும்ப மறுத்துக் கடைசியில் பலமாக இடப்பக்கம் இழுக்கும் தட்டை ஓவர்ஸ்டேபிள் என்பார்கள். எளிதில் வலப்பக்கம் புரளும் தட்டு அண்டர்ஸ்டேபிள்.

இப்போது காற்றின் கணக்குக்கு வருவோம். நீங்கள் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் எறிகிறீர்கள், எதிரே 20 கிலோமீற்றர் காற்று வருகிறது என்று வையுங்கள். தட்டின் மேல் ஓடும் காற்றின் வேகம் 80 ஆகிவிடும். நீங்கள் எறியாத வேகத்தில் அது பறக்கிறது! அதனால் -1 என்று போட்டிருக்கும் தட்டு -2, -3 தட்டு மாதிரி வலப்பக்கம் புரளும். அதே காற்று முதுகில் அடித்தால் தட்டுக்கு 40தான் மிஞ்சும். மிதப்புக் குறையும், இடப்பக்க இழுவை வேளைக்கே வந்துவிடும். காற்று நாளில் நடக்கும் அதிசயங்களில் பாதி இந்த ஒரு கூட்டல் கழித்தலுக்குள் இருக்கிறது.

எந்தத் தட்டை எடுப்பது

எதிர்க்காற்றுக்கு ஓவர்ஸ்டேபிள் தட்டு. டிஸ்கிராஃப்ட் ஸோன் (4, 3, 0, 3) ஆரம்பக்காரருக்கு மிக நல்லது. வேகம் குறைவான தட்டு என்பதால் பெரிய வலு தேவையில்லை, காற்றிலும் எளிதில் புரளாது. சொந்தக்காரரிடம் ஒரே ஒரு காற்றுத் தட்டு கேட்பதென்றால் நான் இதைத்தான் கேட்கச் சொல்வேன். இன்னோவா பயர்பேர்ட் (9, 3, 0, 4) காற்றுக்குப் பேர்போனது, ஆனால் அதற்குக் கை கொஞ்சம் பழகியிருக்க வேண்டும்.

பின்காற்றுக்கு அண்டர்ஸ்டேபிள், மிதப்புக் கூடிய தட்டு. இன்னோவா லெப்பர்ட் (6, 5, -2, 1) பின்காற்றில் ஏறக்குறைய நேராகவே போகும். அதையே எதிர்க்காற்றில் எறிந்தால் வலப்பக்கம் புரண்டு நிலத்தில் உருளும்.

தட்டின் அடியில் எடை கிராமில் எழுதியிருக்கும். விதிப்படி விட்டத்தின் ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் 8.3 கிராம்தான் உச்சம். 21 சென்ரிமீற்றர் அகலத் தட்டு ஒன்று ஏறக்குறைய 174 கிராம் வரை இருக்கலாம். காற்றுக்கு 170க்குக் கிட்ட உள்ளதை எடுங்கள். 150 கிராம் தட்டைக் காற்று இழுத்துக்கொண்டு போகும். ஆனாலும் எடையைவிட அந்த மூன்றாவது, நான்காவது எண்களே முக்கியம். பாரமான அண்டர்ஸ்டேபிள் தட்டும் எதிர்க்காற்றில் புரளத்தான் செய்யும்.

இன்னொன்று, மரத்திலும் கல்லிலும் அடிபட்டுத் தேய்ந்த தட்டு நாளாக ஆக அண்டர்ஸ்டேபிள் ஆகிவிடும். அதன் மேல் அச்சிட்ட எண்ணை அதற்குப் பிறகு நம்ப முடியாது. காற்று நாளுக்குப் புதுத்தட்டு, அடிபட்டதைப் பின்காற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடையில் தெரிவு செய்ய வாய்ப்பிருந்தால் மேற்பக்கம் தட்டையாக இருப்பதை எடுங்கள். குமிழாக இருப்பதற்கு மிதப்புக் கூட.

எறியும் முறை

எதிர்க்காற்று என்றதும் கை தானாகவே பலமாக எறியப் பார்க்கும். அதை அடக்குங்கள். கூட வேகமாக எறிந்தால் தட்டின் மேல் ஓடும் காற்று இன்னும் கூடி இன்னும் புரளும். முக்கால் வலுவில், ஓட்டம் எடுக்காமல், நின்ற நிலையில் எறியுங்கள்.

அடுத்தது முன்விளிம்பு. வீட்டில் நெல் புடைக்கும் சுளகை எடுத்துக்கொண்டு சோளகத்துக்கு எதிரே நில்லுங்கள். விளிம்பு காற்றை நேரே பார்க்கும்படி தட்டையாகப் பிடித்தால் கைக்குப் பாரம் தெரியாது. முன்பக்கத்தை ஒரு விரல் அளவு உயர்த்துங்கள், சுளகு உங்கள் கையை மேலே தள்ளும். இன்னும் உயர்த்தினால் பிடுங்கிக்கொண்டு போகப் பார்க்கும். தட்டுக்கும் அதுதான் நடக்கிறது. முன்விளிம்பு உயர்ந்து கையை விட்டுப் போன தட்டு எதிர்க்காற்றில் மேலே ஏறி, அந்தரத்தில் நின்று, உங்களை நோக்கியே திரும்பி வரும்.

இதைத் தவிர்க்கப் பிடியைச் சரி செய்யுங்கள். நான்கு விரல்களையும் விளிம்பின் உட்பக்கம் மடித்து, பெருவிரலைத் தட்டின் மேல் அழுத்துங்கள். எறியும்போது மணிக்கட்டு மேலே மடியாமல், சற்றுக் கீழ்நோக்கியே இருக்கட்டும். தட்டை நெஞ்சின் நடுவுக்குச் சற்றுக் கீழே ஒரே மட்டத்தில் இழுங்கள். கை கீழிருந்து மேலாக வந்தால் முன்விளிம்பும் கூடவே எழும்பும். கடைசி நேரத்தில் மணிக்கட்டு வெட்டி விடுவதால் வரும் சுழற்சிதான் தட்டை நிதானமாக வைத்திருக்கும். சுழற்சி குறைந்த தட்டைச் சின்னக் காற்றும் ஆட்டும்.

தட்டின் இடப்பக்க விளிம்பைக் கொஞ்சம் கீழே சரித்து எறிவதை ஹைசர் என்பார்கள். எதிர்க்காற்றில் இலேசான ஹைசர் நல்ல பாதுகாப்பு. காற்று தட்டை வலப்பக்கம் புரட்டப் பார்க்கும்போது அது நேராக நிமிரும், அவ்வளவுதான்.

ஒரு தடி, நான்கு பக்கம்

சிறுபோகம் செய்யாமல் கிடக்கும் மானாவாரி வயல் ஒன்றில், வயல்காரரிடம் கேட்டுக்கொண்டு, நடுவில் ஒரு தடியை நடுங்கள். பழைய சைக்கிள் ரிம் ஒன்றை அதில் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே கட்டலாம். போட்டிக் கூடையின் விளிம்பு நிலத்தில் இருந்து ஏறக்குறைய 82 சென்ரிமீற்றர். தடியின் நுனியில் ஒரு துணிக்கீலம் கட்டினால் காற்றும் தெரியும். பிறகு முப்பது காலடி வைத்துத் தள்ளி நின்று நான்கு பக்கத்தில் இருந்தும் எறியுங்கள். சோளகம் தென்மேற்கில் இருந்து வருவதால் திசை எங்களுக்கு முன்கூட்டியே தெரியும்.

தடிக்கு வடகிழக்கே நின்றால் எதிர்க்காற்று. ஸோன் தட்டை எடுத்து இலேசான ஹைசரில் தாழ எறியுங்கள்.

தென்மேற்கே நின்றால் காற்று முதுகில். இங்கே தட்டு கெதியாகக் கீழே இறங்கும். வழமையைவிடக் கொஞ்சம் உயர்த்தி, லெப்பர்ட் போன்ற தட்டை எறியுங்கள்.

தென்கிழக்கே நின்று எறிந்தால் காற்று இடப்பக்கத்தில் இருந்து வரும். ஆபத்து இங்கேதான் கூட. தட்டு வலப்பக்கம் கொஞ்சம் புரண்டாலும் அதன் அடிப்பக்கம் காற்றைப் பார்க்கும். உடனே காற்று அதை ஏந்திக்கொண்டு வெகுதூரம் வலப்பக்கம் கொண்டுபோய்விடும். ஓவர்ஸ்டேபிள் தட்டை ஹைசரில் எறியுங்கள். அப்போது மேற்பக்கம் காற்றைப் பார்க்கும், காற்று அதை நிலத்தை நோக்கி அமர்த்தும். தூரம் குறையும், ஆனால் தட்டு எங்கே விழும் என்று உங்களுக்குத் தெரியும்.

வடமேற்கே நின்றால் காற்று வலப்பக்கத்தில் இருந்து. கடைசியில் தட்டு இடப்பக்கம் சரியும்போது அடிப்பக்கம் காற்றுக்குத் திறந்துவிடும், இழுவை இரண்டு மடங்காகத் தெரியும். கடைசி எண் 1 உள்ள பஸ் தட்டை, தடிக்கு வலப்பக்கமாகக் குறிவைத்து, தட்டையாகவும் தாழவும் எறியுங்கள். இங்கே ஹைசர் வேண்டாம்.

ஒரு பக்கத்தில் ஒரே தட்டைப் பலமுறை எறிந்து பார்த்த பிறகுதான் அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும். தட்டை மாற்றி மாற்றி எறிந்தால் காற்று செய்ததா, தட்டு செய்ததா, கை செய்ததா என்று தெரியாது.

கூடைக்குக் கிட்ட

கிட்ட இருந்து போடும்போதும் இதே கணக்குதான். எதிர்க்காற்று தட்டைத் தூக்கும், கூடையின் விளிம்பைப் பார்த்து எறியுங்கள். பின்காற்று அமுக்கும், சங்கிலியின் மேல்பகுதியைப் பாருங்கள். கால்களை அகட்டி வைத்தால் உடம்பு ஆடாது. கூடைக்குப் பின்னால் சரிவோ தண்ணீரோ இருந்து காற்றும் பலமாக இருந்தால் நேரே போடப் பார்க்காமல் கூடைக்குப் பக்கத்தில் தட்டைப் படுக்கப் போட்டு அடுத்த எறியில் முடியுங்கள். ஒரு எறி போனாலும் மூன்று எறி மிச்சம்.

தட்டு போகும் இடம்

காற்று தட்டை எங்கே கொண்டுபோகும் என்று எறிய முதலே பாருங்கள். பெரும்பாலான தட்டுகள் தண்ணீரில் தாழும், ஆகவே குளம் காற்றுக்குக் கீழ்ப்பக்கம் இருக்கும்படி நின்று எறிய வேண்டாம். மாடு மேயும் பக்கமும் வேண்டாம். 170 கிராம் பிளாஸ்ரிக் பட்டால் நோகும்.

பற்றைக்குள் போன தட்டைத் தேடும்போது பாம்பைக் கவனிக்கச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இதை அழுத்திச் சொல்கிறேன்: கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகையோ சிவப்பு அடையாளமோ இருக்கும் பக்கம் தட்டு போனால் அதை விட்டுவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டைத் தொடங்க முன்பே இதைச் சொல்லி வையுங்கள். தேடும்போது இனந்தெரியாத இரும்புப் பொருள் எதையாவது கண்டால் தொடாமல், வந்த வழியாலேயே திரும்பிவந்து பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள்.

காட்டோரம், பற்றை ஓரம் எல்லாம் விட்டு வெளியான வயலைத் தெரிந்தால் தேடும் வேலையே பாதியாகக் குறையும். பச்சை, மண்ணிறத் தட்டுகள் காய்ந்த புல்லில் கண்ணுக்குத் தெரியாது. கொண்டுவரச் சொல்லும்போதே இளஞ்சிவப்பு அல்லது நீலம் என்று சொல்லிவிடுங்கள். தட்டின் அடிப்பக்கத்தில் அழியாத மையால் உங்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதி வைத்தால், மாடு சாய்க்கப் போனவர் கண்டெடுத்தாலும் வீட்டுக்கு வந்து சேரும்.