போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன்: டெல்டா பள்ளிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளிக் கல்வித் துறை நடத்தும் கலைத்திருவிழாவின் அறிவிப்பு வாட்ஸ்அப்பில் வந்ததும் ஆசிரியர் அறையில் எழும் முதல் கேள்வி, "போன வருஷம் யாரெல்லாம் போனாங்க?" என்பதுதான். பட்டியலில் பாதி அங்கேயே முடிந்துவிடும். பேச்சுக்கு அந்தப் பெண், பாட்டுக்கும் அதே பெண், ஓவியத்துக்கு அவள் தம்பி, நாடகத்துக்கு அந்த ஐந்து பேர். மாலைக்குள் எமிஸில், அதாவது துறையின் இணையப் பதிவேட்டில், பெயர் ஏற்ற வேண்டும் என்ற அவசரத்தில் அறுநூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஐந்து பிள்ளைகளாகச் சுருங்கிவிடுகிறது.

திருவாரூர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியராக இருக்கிறேன். இலக்கிய மன்றப் பொறுப்பும், பிள்ளைகளைப் போட்டிகளுக்கு அழைத்துப் போகும் வேலையும் பல வருடங்களாக என்னிடம்தான். கீழே சொல்லும் தவறுகளில் பாதியை நானே செய்திருக்கிறேன். பிள்ளைகள் அதற்கு விலை கொடுத்திருக்கிறார்கள்.

அந்த ஐந்து பேர் விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாமே அதற்குப் பிறகுதான்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன். ஆவணி மாதம் வந்தால் வாரத்தில் இரண்டு நாள் வரமாட்டான். விடுப்புக் கடிதமும் இருக்காது. நான் திட்டுவேன், அவன் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். ஒருநாள் நோட்டை நீட்டும்போது வலது கை விரல் நுனிகளில் வெள்ளையாகப் பசை ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். "என்னடா இது?" என்றேன். "தவுல் கூடு போட்ட தடம் சார்" என்றான். தவில் வாசிக்க விரல்களில் மாட்டும் உறையைச் சொல்கிறான். முகூர்த்த நாட்களில் மாமாவுடன் கல்யாணங்களுக்கு வாசிக்கப் போகிறானாம். நாதஸ்வரமும் தவிலும் ஊறிய மண் இது. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடே கிடைத்தது. ஆனால் எங்கள் வகுப்பறையிலேயே ஒரு தவில்காரன் உட்கார்ந்திருந்தது நான்கு வருடமாக ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த ஆண்டு அவன் வட்டாரப் போட்டியைத் தாண்டி மாவட்டம் வரை போனான். அதற்குப் பிறகு விடுப்புக் கடிதமும் ஒழுங்காக வர ஆரம்பித்தது.

அப்புறம் நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஜூன் மாதமே ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு தாளைக் கொடுத்து, "வீட்டில் உனக்கு என்ன செய்யத் தெரியும், யாரிடம் கற்றாய்?" என்று எழுதச் சொல்லிவிடுவேன். கோலம், கும்மி, தாலாட்டு, ஒப்பாரி, பறை, சிலம்பம், கீற்று முடைவது, களிமண் பொம்மை, மிமிக்ரி என்று வந்து குவியும். கலைத்திருவிழா 2022-23 கல்வியாண்டில் தொடங்கியது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போகும் இந்த விழாவில் நாட்டுப்புறக் கலைகளுக்கும் கருவி இசைக்கும் தனித்தனி இடம் இருக்கிறது. அறிவிப்பு வந்த பிறகு ஆள் தேடினால் கண்ணில் படுவது முன் பெஞ்ச் மட்டும்தான்.

கலையை முறையாகக் கற்க வழியில்லை என்று பெற்றோர் சொல்வதும் முழுக்கச் சரியில்லை. கலை பண்பாட்டுத் துறை நடத்தும் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் திருவாரூரிலும் சீர்காழியிலும் உள்ளன. திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரியே இருக்கிறது. வார இறுதியில் பிள்ளைகளுக்குக் கலை சொல்லித்தரும் ஜவகர் சிறுவர் மன்றமும் இருக்கிறது. ஒருமுறை போய் விசாரித்துவிட்டு வாருங்கள்.

பிறந்த தேதியும் தலைப்பெழுத்தும்

இது சலிப்பான விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். மைதானத்தில் தோற்ற பிள்ளைகளைவிட மேசையில் தோற்ற பிள்ளைகளை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பள்ளி விளையாட்டுகள் குறுவட்டம் (பக்கத்துப் பள்ளிகள் சில சேர்ந்தது), வருவாய் மாவட்டம், மாநிலம் என்று ஏறுகின்றன. 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என மூன்று பிரிவுகள். வயதுக்கு எல்லைக்கோடு பொதுவாக ஜனவரி 1. டிசம்பர் 31-இல் பிறந்த பிள்ளைக்கும் மறுநாள் பிறந்த பிள்ளைக்கும் ஒரு பிரிவே மாறிவிடும். நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது வயது குறைகிறதே என்று வாய்க்கு வந்த ஒரு தேதியைச் சொல்லிச் சேர்த்துவிடுவார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதி, ஆதாரில் ஒரு தேதி, பள்ளிப் பதிவேட்டில் இன்னொன்று.

ஒரு கபடி அணியில் எங்கள் நல்ல ரைடர் பெண்ணை இப்படித்தான் இழந்தோம். தகுதிப் படிவத்தில் இருந்த தேதியும் ஆதாரில் இருந்த தேதியும் ஒத்துவரவில்லை. நடுவர் மேசையில் காலை எட்டு மணிக்கு அது தெரிந்தது. அவள் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு நாள் முழுவதும் எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். அணி தோற்றதைவிட அந்த உட்கார்வுதான் என் மனதில் நிற்கிறது. அவள் வீட்டில் பிறப்புச் சான்றிதழ் பத்திரமாக இருந்தது. ஆறாம் வகுப்பிலேயே நாங்கள் யாராவது ஒருமுறை கேட்டிருந்தால் சரி செய்திருக்கலாம்.

ஆகவே ஆறாம் வகுப்புச் சேர்க்கையின்போதே பிறப்புச் சான்றிதழ், ஆதார், எமிஸ் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயரின் எழுத்தும் தலைப்பெழுத்தும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் அச்சாகி வந்துவிட்டால் திருத்தம் பெரிய அலைச்சல். போட்டிச் சான்றிதழ் கையில் வாங்கிய உடனே, மேடையை விட்டு இறங்கும் முன்பே, பெயரையும் தேதியையும் கையெழுத்தையும் முத்திரையையும் படித்துவிடுங்கள். அங்கேயே திருத்துவது ஐந்து நிமிட வேலை.

இன்னொன்று. நகல் எடுத்துப் பள்ளியில் ஒரு கோப்பு வையுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம், முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டைப் பக்கம் எத்தனையோ கூரை வீடுகள் போயின. டிரங்குப் பெட்டியில் இருந்த சான்றிதழ்களை வெயிலில் காயவைத்த பிள்ளைகளை நான் பார்த்தேன். மை கரைந்து நீல நிறக் கறைதான் மிஞ்சியிருந்தது. செல்போனில் படம் எடுத்து ஆசிரியருக்கும் அனுப்பி வைத்தால் போதும், இரண்டு இடத்தில் இருக்கும்.

"பத்தாவது வந்துட்டா சார்"

"பத்தாவது வந்துட்டா சார், இனிமே கபடியெல்லாம் வேண்டாம்." இதை எந்த அம்மா சொன்னாலும் எனக்குக் கோபம் வருவதில்லை. பயம் நியாயமானது. ஆனால் கணக்கு தப்பு. கல்லூரி விளையாட்டு ஒதுக்கீட்டில் அண்மைய ஆண்டுகளில் பெற்ற சான்றிதழ்களைத்தான் பார்க்கிறார்கள். ஏழாம் வகுப்பில் வாங்கிய கோப்பை அலமாரிக்கு அழகு, அவ்வளவுதான். ஆறு முதல் ஒன்பது வரை ஓடிவிட்டு, பலன் தரும் வருடத்தில் நிறுத்திவிட்டால் நட்ட நாற்றைக் கதிர் வரும் நேரத்தில் தண்ணீர் இல்லாமல் விட்ட மாதிரி. தினமும் ஒரு மணி நேரம் பயிற்சி, அதற்கு மேல் வேண்டாம் என்று பேசி வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குப் போய்ப் பேசினால் பெரும்பாலான அம்மாக்கள் சம்மதிக்கிறார்கள்.

பெண் பிள்ளைகள் நின்றுபோவதற்குப் பல நேரம் படிப்பு காரணமே இல்லை, பஸ்தான் காரணம். பயிற்சி ஆறு மணிக்கு முடியும், அவள் ஊருக்குக் கடைசி மினி பஸ் ஐந்தே முக்காலுக்குப் போய்விடும். இரண்டு நாள் அப்பா வந்து கூட்டிப் போவார், மூன்றாம் நாள் அவருக்கு வயலில் வேலை. அதோடு முடிந்தது. எனவே அணியில் சேர்க்கும்போதே யார் எந்த ஊர், எந்த பஸ் என்று எழுதிக்கொள்ளுங்கள். தூரத்துப் பிள்ளைகளுக்குக் காலைப் பயிற்சி வையுங்கள். வெளியூர்ப் போட்டி என்றால் கூட வரும் ஆசிரியை யார் என்பதை முதல் நாளே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

மழைக்கு முன்னால்

நம் பகுதியின் நாட்காட்டி வேறு. ஐப்பசி, கார்த்திகையில் பள்ளி மைதானம் குளமாகிவிடும். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியது, முதல் கலைத்திருவிழாவும் அதே மாதத்தில்தான் தொடங்கியது. "போட்டி வரட்டும், அப்புறம் பயிற்சி பார்க்கலாம்" என்பது இங்கே சரிப்படாது. ஓட்டமும் தாண்டலும் ஜூன் முதல் செப்டம்பருக்குள் ஒரு நிலைக்கு வந்துவிட வேண்டும். மழை மாதங்களைப் பேச்சு, ஓவியம், வினாடி வினா, நாடக ஒத்திகைக்கு வைத்துக்கொள்ளலாம். சம்பா அறுவடை முடிந்ததும் தரிசாகக் கிடக்கும் வயல்தான் பிள்ளைகளின் பெரிய மைதானம். தை, மாசியில் அங்கே விளையாடுகிறவர்களைப் பார்த்தாலே அடுத்த ஆண்டின் அணி தெரிந்துவிடும்.

எழுதிக் கொடுத்த பேச்சு

தமிழ் வளர்ச்சித் துறை தலைவர்களின் பிறந்தநாளையொட்டி நடத்தும் மாவட்டப் பேச்சுப் போட்டிகளில் முதல் பரிசு 5,000 ரூபாய், இரண்டாம் பரிசு 3,000, மூன்றாம் பரிசு 2,000. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இருவருக்குச் சிறப்புப் பரிசும் உண்டு. இதற்காக ஆசிரியர் நான்கு பக்கம் எழுதிக் கொடுக்கிறார், பிள்ளை மனப்பாடம் செய்கிறது. நானும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது நிமிடத்தில் ஒரு சொல் மறந்துபோய், அதற்கு முந்தைய வரிக்கு இரண்டு முறை திரும்பிப் போய், பிறகு அழுதுகொண்டே இறங்கிய மாணவியை நான் மறக்கவில்லை. என் சொல் அவளுக்கு உதவவில்லை. இப்போது தலைப்பைக் கொடுத்து முதலில் வாயால் பேசச் சொல்கிறேன். அவள் சொன்னதை அவளே எழுதுகிறாள், நான் பிழை மட்டும் திருத்துகிறேன். பேச்சு கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும். ஆனால் நடுவில் மறந்தாலும் வேறு வார்த்தை போட்டுத் தாண்டிவிடுகிறாள்.

அறிவியல் கண்காட்சியிலும் இதே நோய்தான். எரிமலை மாடல், காற்றாலை மாடல், எல்லாம் கடையிலும் இணையத்திலும் கிடைப்பவை. 1993 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு கேட்பது உள்ளூர்ப் பிரச்சினையைப் பிள்ளைகளே போய் ஆராய்ந்து, அளந்து, எழுதிய ஆய்வை. டெல்டாவில் இதற்குப் பஞ்சமே இல்லை. கடலோர ஊரில் கிணற்று நீர் மாதாமாதம் எப்படி உவர்க்கிறது? மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தால் நம் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் எத்தனை நாளில் வந்து சேர்கிறது? தெருவில் எத்தனை வீட்டில் இன்னும் பாரம்பரிய நெல் விதை வைத்திருக்கிறார்கள்? ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் போதும், செலவே இல்லை.

காசு கேட்கும் சான்றிதழ்

"தேசிய அளவு", "சர்வதேச அளவு", "உலக சாதனை" என்று போட்ட துண்டறிக்கைகள் இப்போது கிராமம் வரை வருகின்றன. சிலம்பம், யோகா, கராத்தே என்றால் இன்னும் அதிகம். நுழைவுக் கட்டணம், சீருடை, பயணம் என்று கூலி வேலை செய்யும் குடும்பத்திடம் பல ஆயிரம் வாங்கிவிடுகிறார்கள். கலந்துகொண்ட எல்லோருக்கும் பதக்கம். மேற்படிப்புச் சேர்க்கையில் அந்தத் தாளை நீட்டும்போதுதான் அது செல்லாது என்று தெரிகிறது. பணம் கட்டும் முன் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்ட அலுவலகத்திலோ உடற்கல்வி ஆசிரியரிடமோ, அந்தச் சங்கம் அங்கீகாரம் பெற்றதா என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் குடியரசு தின, பாரதியார் தினப் போட்டிகளும் முதலமைச்சர் கோப்பையும் இருக்கும்போது கடன் வாங்கி வெளிமாநிலம் போகத் தேவையில்லை.

உதவித்தொகைத் தேர்வுகளைப் பற்றி ஒரு வார்த்தை. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய் வழித் தேர்வில் உதவித்தொகைக்குத் தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். எட்டாம் வகுப்பை விட்டால் மறுபடி எழுத முடியாது. தேர்வாகிவிட்டது என்று சும்மா இருந்துவிடவும் கூடாது. ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும், வங்கிக் கணக்கு உயிரோடு இருக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு இருக்கிறது. 1,500 பேருக்கு இரண்டு ஆண்டுகள் மாதம் 1,500 ரூபாய். அறிவிப்பைப் பிரேயரில் ஒருமுறை வாசித்துவிட்டு நிறுத்திக்கொள்ளாமல் கடைசி தேதியைக் கரும்பலகையின் மூலையில் எழுதி, அந்த நாள் வரை அழிக்காமல் வையுங்கள்.

கடைசியாக, தோற்ற நாள். தஞ்சாவூரில் ஒரு கபடிப் போட்டியில் தோற்றுவிட்டு வேனில் திரும்பும்போது ஆசிரியர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காரக் கூடாது. நானும் ஒருமுறை அப்படி உட்கார்ந்திருந்தேன். ஒரு பிள்ளைகூடச் சாப்பிடவில்லை. வழியில் நீடாமங்கலத்தில் நிறுத்தி இட்லியோ பரோட்டாவோ வாங்கிக் கொடுங்கள். யார் நன்றாக ஆடினார்கள் என்று அவர்களையே பேச விடுங்கள். மறுநாள் பிரேயரில் அந்த அணியின் ஏழு பேரையும், மாற்று வீரர்களையும் சேர்த்து, பெயர் சொல்லி முன்னால் அழையுங்கள்.