நெறியாளரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது நேரும் தவறுகள்

மதிப்பெண் பட்டியல், சி.வி., நோக்கக் கட்டுரை (ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கும் Statement of Purpose) எல்லாவற்றையும் மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பவரே திரட்டிவிடலாம். பரிந்துரைக் கடிதத்தை மட்டும் இன்னொருவர் எழுத வேண்டும். அதுவும் பெரும்பாலும் உங்கள் கண்ணில் படாமலே பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேரும். நெறியாளருக்கு மனமில்லாததால் கடிதம் பலவீனமாவது அபூர்வம். எழுத உட்காரும்போது அவர் கையில் விஷயம் இருப்பதில்லை என்பதே பெரும்பாலும் காரணம். கீழே வரும் தவறுகளில் பல கடைசியில் இந்த இடத்துக்கே கொண்டுவந்து விடுகின்றன.

கடைசி வாரத்தில் கேட்பது

கடைசித் தேதிக்கு 4 முதல் 6 வாரங்கள் முன்பே கேட்டுவிடுங்கள். முனைவர் பட்டச் சேர்க்கைக்கான கடைசித் தேதிகள் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் டிசம்பர் தொடக்கத்துக்கும் ஜனவரி நடுப்பகுதிக்கும் இடையில் குவிகின்றன. விடைத்தாள் திருத்தும் வேலையும் மற்ற மாணவர்களின் கடிதங்களும் அதே வாரங்களில்தான் வந்து சேரும். அவசரத்தில் கேட்டால் கடிதம் வராமல் போகாது. பழைய கடிதம் ஒன்றில் பெயர் மாற்றி வரும். அதைப் படிப்பவர்கள் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மறுக்க இடம் தராமல் கேட்பது

“எனக்குப் பரிந்துரைக் கடிதம் தருவீர்களா?” என்று கேட்டால் பலரும் தயவுக்காகச் சரி என்பார்கள். அரைமனதோடு எழுதிய கடிதம் மறுப்பைவிட அதிகக் கெடுதல் செய்யும். “இந்தப் படிப்புக்கு வலுவான கடிதம் எழுதும் அளவுக்கு என் வேலையை நீங்கள் அறிந்திருப்பதாக நினைக்கிறீர்களா? இல்லையென்றால் வேறு ஒருவரைக் கேட்டுக்கொள்கிறேன்” என்று கேட்பது இருவருக்கும் நல்லது. “எழுதலாம், ஆனால் உன்னைப் பற்றி அதிகம் தெரியாதே” என்ற பதிலை மறுப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வற்புறுத்த வேண்டாம்.

மூன்று கடிதங்கள் தேவைப்படும்போது, ஒரே மின்னஞ்சலில் மூன்று பேராசிரியர்களையும் சேர்த்துக் கேட்பது இன்னொரு பிழை. மற்றவர் எழுதுவார் என்று மூவரும் விட்டுவிட வாய்ப்புண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதுங்கள்.

பதவியைப் பார்த்து ஆளைத் தேர்வது

துறைத் தலைவரின் கடிதத்தில் “என் வகுப்பில் நன்றாகப் படித்தார், ஏ கிரேடு பெற்றார்” என்பதற்கு மேல் எதுவும் இல்லையென்றால், மதிப்பெண் பட்டியல் ஏற்கெனவே சொன்னதைத்தான் அது திரும்பச் சொல்கிறது. ஆய்வுப் படிப்புக்கு உங்கள் வேலையை அருகிலிருந்து பார்த்தவரின் கடிதமே எடுபடும். லேப்பில் தினமும் உங்களோடு நின்றவர் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்) அல்லது மூத்த ஆய்வு மாணவர் என்றால், அவர் எழுதித் தரும் விவரங்களைச் சேர்த்துப் பேராசிரியர் தன் பெயரில் எழுதலாம். இருவரும் சேர்ந்து கையெழுத்திடுவதும் வழக்கத்தில் உண்டு. இதை நீங்களே முன்வைக்கத் தயங்க வேண்டாம்.

ஆய்வேட்டு நெறியாளரின் கடிதம் இல்லாத விண்ணப்பம் கேள்வி எழுப்பும். அவரோடு உறவு கெட்டிருந்தால், ஆய்வேட்டை மதிப்பிட்ட குழுவிலிருந்து ஒருவரைக் கேளுங்கள். நெறியாளரின் கடிதம் ஏன் இல்லை என்று அந்தக் குழு உறுப்பினரே ஒரு வரியில் நிதானமாகக் குறிப்பிட்டால், நீங்கள் விளக்குவதைவிட நம்பிக்கை தரும்.

வெறுங்கையோடு கேட்பது

அதிகமாக நேர்வதும் எளிதில் சரிசெய்யக்கூடியதும் இதுதான். “என்னைத்தான் அவருக்கு இரண்டு வருடமாகத் தெரியுமே” என்று நினைக்காதீர்கள். அவருக்கு உங்களைத் தெரியும். எந்தச் சோதனையை யார் எந்த மாதம் சரிசெய்தார்கள் என்பது நினைவிருக்காது. சம்மதம் கிடைத்ததும் ஒரே மின்னஞ்சலில் இவற்றை அனுப்புங்கள்: சி.வி., மதிப்பெண் பட்டியல், நோக்கக் கட்டுரையின் வரைவு, விண்ணப்பிக்கும் இடங்களின் அட்டவணை, உங்கள் வேலையைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்பு.

அட்டவணையில் பல்கலைக்கழகம், துறை, படிப்பின் சரியான பெயர், கடைசித் தேதி, நேர மண்டலம், கடிதம் சேர வேண்டிய வழி ஆகியவை தேதி வரிசையில் இருக்கட்டும். எத்தனை இடங்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஐந்து என்று தொடங்கிப் பிறகு ஒவ்வொன்றாகப் பன்னிரண்டுக்குக் கொண்டுபோவது யாருடைய பொறுமையையும் சோதிக்கும்.

அந்த ஒரு பக்கக் குறிப்புதான் கடிதத்தின் உயிர். “கடின உழைப்பாளி”, “ஆர்வமுள்ளவன்” போன்ற சொற்களை அதில் எழுதாதீர்கள். நடந்ததை எழுதுங்கள்: என்ன சிக்கல் வந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், அதனால் என்ன மாறியது. “மூன்றாம் மாதத்தில் அளவீடுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, சென்சாரின் அளவுத்திருத்தம் தவறு என்று கண்டுபிடித்து, பழைய தரவை மீண்டும் கணக்கிட்டேன்” என்பது போல மூன்று, நான்கு நிகழ்வுகள் போதும். பல பல்கலைக்கழகங்களின் படிவங்கள், உடன் படித்தவர்களோடு ஒப்பிட்டு நீங்கள் முதல் 5 சதவீதமா, 10 சதவீதமா என்று நெறியாளரிடம் கேட்கின்றன. அங்கே அவர் துணிந்து குறியிடவும், குறியிட்டதற்கு ஆதாரம் காட்டவும் இந்த நிகழ்வுகள்தான் உதவும்.

இன்னொரு ஆபத்து இங்கே ஒளிந்திருக்கிறது. நோக்கக் கட்டுரையில் “இந்த மென்பொருளை நான் உருவாக்கினேன்” என்று நீங்கள் எழுத, கடிதத்தில் அவர் “குழுவுக்கு உதவினார்” என்று எழுதினால், சேர்க்கைக் குழு அவர் சொல்லைத்தான் நம்பும். உங்கள் நேர்மையும் கேள்விக்குள்ளாகும். கட்டுரையின் வரைவை அனுப்பி, “என் பங்கை நான் விவரித்திருப்பது சரிதானா?” என்று நேரடியாகக் கேளுங்கள். ஆய்வுக் கட்டுரை அனுப்பப்பட்டதா, பரிசீலனையில் உள்ளதா, ஏற்கப்பட்டதா என்பதும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

“நீயே எழுதிக் கொண்டு வா”

பல இடங்களில் நெறியாளர்கள் இப்படிச் சொல்வதுண்டு. ஒப்புக்கொள்ளாதீர்கள் என்பதே எங்கள் அறிவுரை. அது நேர்மைப் பிரச்சினை, பலனும் தராது. தன்னைப் பற்றித் தானே எழுதுபவரால் மற்ற மாணவர்களோடு ஒப்பிட முடியாது, கடிதத்துக்கு எடை தருவதே அந்த ஒப்பீடுதான். நடையும் உங்கள் கட்டுரையின் நடையாகவே இருக்கும். “வரைவுக்குப் பதில் விரிவான குறிப்புகள் தருகிறேன், அரை மணி நேரம் பேசினால் மீதியையும் சொல்லிவிடுவேன்” என்று சொன்னால் பெரும்பாலானோர் இசைவார்கள். பேராசிரியர் பெயரில் நீங்களே மின்னஞ்சல் முகவரி தொடங்கிக் கடிதத்தைப் பதிவேற்றுவது மோசடி. பின்னாளில் வெளிப்பட்டாலும் சேர்க்கை ரத்தாகலாம்.

கடிதத்தைப் பார்க்கும் உரிமை

அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டின் கல்வி உரிமை, தனியுரிமைச் சட்டப்படி (FERPA), சேர்ந்த பிறகு தன் கோப்பிலுள்ள கடிதங்களைப் பார்க்க மாணவருக்கு உரிமை உண்டு. அதை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி வரும். விட்டுக்கொடுப்பது கட்டாயமல்ல. ஆனால் மாணவர் பார்க்க மாட்டார் என்று தெரிந்து எழுதிய கடிதத்தையே குழுக்கள் கூடுதலாக நம்புகின்றன. உரிமையை விட்டுக்கொடுக்காவிட்டால் எழுத மறுக்கும் பேராசிரியர்களும் உண்டு. இந்தப் பெட்டியைப் படிக்காமல் டிக் செய்யாதீர்கள்; பல போர்ட்டல்களில் (இணைய விண்ணப்பத் தளங்களில்) பின்னால் மாற்ற முடியாது.

போர்ட்டலில் சறுக்கும் இடங்கள்

பேராசிரியரின் ஜிமெயில் முகவரியைத் தருவது பரவலான தவறு. நிறுவன முகவரியைத்தான் பல பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன. ஓய்வுபெற்றவர், வேறிடம் மாறியவர் என்றால் பழைய முகவரி இன்னும் வேலை செய்கிறதா என்று முதலில் கேளுங்கள். சில போர்ட்டல்கள் முகவரியைப் பதிந்தவுடனே அவருக்கு இணைப்பை அனுப்பும். சில, நீங்கள் விண்ணப்பத்தைச் சமர்ப்பித்த பிறகுதான் அனுப்பும். இரண்டாம் வகையில் கடைசி நாள் இரவு சமர்ப்பித்தால் அவருக்கு நேரமே இருக்காது. இணைப்பு போகும் நாளில் “ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள்” என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.

நினைவூட்டல்

கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் முன்பு ஒன்று, மூன்று நாள் முன்பு ஒன்று. அனுப்புவதற்கு முன் கடிதம் வந்துவிட்டதா என்று போர்ட்டலில் பாருங்கள். ஏற்கெனவே அனுப்பியவரை நச்சரிப்பது மரியாதையல்ல. நினைவூட்டலில் மீதமுள்ள இடங்களையும் தேதிகளையும் மட்டும் மறுபடி தாருங்கள், பழைய மின்னஞ்சலைத் தேட வைக்காதீர்கள். கடைசித் தேதி கடந்தும் கடிதம் வராவிட்டால் பதற வேண்டாம். விண்ணப்பத்தில் நீங்கள் அனுப்ப வேண்டியவை உரிய நேரத்தில் சேர்ந்திருந்தால், கடிதத்துக்குச் சில நாள் சலுகை தரும் துறைகள் பல உண்டு. சேர்க்கை அலுவலகத்துக்கு உடனே எழுதிக் கேளுங்கள்.

கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முடிவை நெறியாளருக்குத் தெரிவியுங்கள். அடுத்த ஆண்டு மீண்டும் கேட்க நேர்ந்தால், பழைய கடிதத்தையே அனுப்பச் சொல்லாமல், இடையில் செய்த புதிய வேலையைப் பற்றி அரைப் பக்கக் குறிப்பு கொடுத்துக் கடிதத்தைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள்.