மேற்குச் சுவர் வெயிலுக்குப் பூவரசும் புங்கையும்

திருச்சியில் எங்கள் வீட்டு மேற்குச் சுவர் கோடையில் ராத்திரி பத்து மணிக்கும் அனலடிக்கும். நர்சரியில் நெட்டிலிங்கம் வைக்கச் சொன்னார்கள். பார்க்க அழகுதான், குடையாய் விரியாத மரம் எப்படி நிழல் தரும்?

சீக்கிர நிழலுக்குப் பூவரசம் போத்து. மணிக்கட்டுப் பருமனில், 8 அடி நீளத்துக்கு நேரான கிளையாகப் பார்த்து வெட்டி, ஐப்பசி மழையில் 2 அடி ஆழத்தில் ஊன்றி, சுற்றிலும் மண்ணை மிதித்து இறுக்கினேன். மேல் வெட்டில் பசுஞ்சாணியை உருட்டி அப்பினால் நுனி காயாது. துளிர் ஆட்டுக்கு எட்டாத உயரத்தில் விடுவதால் வேலிச் செலவும் மிச்சம்.

பக்கத்திலேயே புங்கை. 3 அடிக் குழி, செம்மண், மணல், மட்கிய எரு, அவ்வளவுதான். கோடை தொடங்கும்போது இலை கொட்டினாலும் கத்திரி வெயிலுக்குள் பளபளவென்று புது இலை போட்டுவிடும். இதற்காகவே எனக்குப் பிடித்த மரம்.

இரண்டையுமே சுவரிலிருந்து 12 அடி தள்ளி, கழிவுநீர்க் குழாய் இல்லாத பக்கமாக வைத்தேன். இப்போது சாயங்கால வெயில் சுவரில் படுவதில்லை. ஆடிக் காற்றுக்கு முன் வீட்டுப் பக்கக் கிளைகளை மட்டும் கழித்துவிடுகிறேன்.