கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூசிக்கு: யூனிட்டை மட்டும் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள்

ஆகஸ்ட் கடைசி வந்தால் எனக்கு ஃபோன் வரத் தொடங்கிவிடும். கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட், சன்னிவேல், சான் ரமோன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள். "பையன் கம்யூனிட்டி காலேஜ்ல ரெண்டாவது வருஷம். பெர்க்லிக்குப் போடணும், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்பார்கள். நானும் அந்த வழியாகவே யூசிக்குள் (பெர்க்லி, யூசிஎல்ஏ போன்ற வளாகங்கள் சேர்ந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) போனவன் என்பதால் உட்கார்ந்து பார்ப்பேன். நான் அன்றைக்குத் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் இந்தப் பிள்ளைகளும் விழுந்துகொண்டிருக்கிறார்கள். கடைசித் தேதியைத் தவற விடாதே, வகுப்புக்கு ஒழுங்காகப் போ என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

முதலில் பெற்றோருக்கு ஒன்று. பிள்ளை கம்யூனிட்டி காலேஜில் படிப்பதைக் கல்யாண வீட்டில் மறைக்க வேண்டிய விஷயமாக நினைக்காதீர்கள். 1960இல் கலிஃபோர்னியா தன் உயர்கல்வித் திட்டத்தை வகுத்தபோதே, கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம், பிறகு யூசி அல்லது கால் ஸ்டேட் (மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழக அமைப்பு) என்ற பாதையையும் சேர்த்துத்தான் வகுத்தது. இளநிலைக்கு ஃப்ரெஷ்மேனாக, அதாவது நேராக முதலாண்டில், இரண்டு பேரைச் சேர்த்தால் வேறு காலேஜிலிருந்து மாறி வரும் டிரான்ஸ்ஃபரில் ஒருவரைச் சேர்ப்பது என்பதை யூசி தன் இலக்காகவே வைத்திருக்கிறது. மாநிலத்தில் வசிப்பவருக்குக் கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைச் சொல்லும் கணக்கு) 46 டாலர். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

"அறுபது யூனிட் ஆயிடுச்சு, அப்புறம் என்ன?"

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான்.

எத்தனை யூனிட் முடித்திருக்கிறாய் என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் யோசிக்காமல் பதில் சொல்லும். யூசியில் மூன்றாம் ஆண்டில் சேர 60 செமஸ்டர் யூனிட் வேண்டும், வருடத்தை இன்னும் சிறிய பருவங்களாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறை என்றால் 90. அது வாசற்படி மட்டுமே. ஜிபிஏவுக்கும் (மதிப்பெண் சராசரி) அப்படி ஒரு வாசற்படி உண்டு: கலிஃபோர்னியாவாசிக்கு 2.4. ஆனால் 2.4ஐ நம்பி யாரும் பெர்க்லி கணினி அறிவியலுக்கு விண்ணப்பிக்க மாட்டார்கள். அங்கே இருக்கும் நிதானம் யூனிட் விஷயத்தில் மட்டும் எங்கே போகிறது என்று தெரியவில்லை.

விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு ஒரு கேள்விக்கு விடை வேண்டும். இந்த மாணவரை நேராக மூன்றாம் ஆண்டு மேஜர் (முதன்மைப் பாடம்) வகுப்பில் உட்கார வைத்தால் தாக்குப்பிடிப்பாரா? யூசியில் முதல் இரண்டு ஆண்டு படித்தவர்கள் முடித்திருக்கும் மேஜர் பாடங்களை இவரும் முடித்திருந்தால்தான் ஆம் என்று சொல்ல முடியும்.

தெரிந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி. 72 யூனிட், ஜிபிஏ 3.9, குறி கணினி அறிவியல். மார்க் ஷீட்டை வாங்கிப் பார்த்தேன். உளவியல், சமூகவியல், கலை வரலாறு, ஊட்டச்சத்து, மேடைப்பேச்சு, அமெரிக்க வரலாறு இரண்டு பாகம், எல்லாவற்றிலும் ஏ. கணக்கில் முதல் கால்குலஸ் முடிந்திருந்தது, இரண்டாவது நடந்துகொண்டிருந்தது. புரோகிராமிங் ஒன்றே ஒன்று. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் இல்லை, டிஸ்க்ரீட் மேத்ஸ் இல்லை, லீனியர் அல்ஜீப்ரா இல்லை. இயற்பியல் பக்கமே போகவில்லை. "எல்லாக் கோர்ஸையும் யூசி ஏத்துக்கும்னு காலேஜ் வெப்சைட்லயே போட்டிருக்கே சார்" என்றார் அப்பா. போட்டிருந்தது உண்மைதான். யூசி அவற்றை வாங்கி யூனிட் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். அதற்காக ஊட்டச்சத்துப் பாடம் லீனியர் அல்ஜீப்ராவுக்கு ஈடாகிவிடாது. அந்த வருடம் கணினி அறிவியலுக்கு அவளுக்கு எங்கேயும் இடம் கிடைக்கவில்லை. இன்னொரு வருடம் அதே காலேஜ், இந்த முறை வெறும் கணக்கும் இயற்பியலும்.

அவள் சோம்பேறி இல்லை. காலேஜில் கொடுத்த தாளைப் பார்த்து, அதில் இருந்த வரிசையில் படித்தாள். அந்தத் தாள் எந்த மேஜருக்கும் பொதுவான பொதுக்கல்விப் பாடங்களுக்கானது. முன்பு அதற்கு ஐகெட்சி என்று பெயர், 2025 இலையுதிர் பருவத்திலிருந்து சேர்பவர்களுக்கு கால்-கெட்சி. மொத்தம் 34 செமஸ்டர் யூனிட். அறுபதில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும். வரலாறோ அரசியலோ எடுப்பவருக்கு அது நல்ல வழி. பொறியியலுக்கும் பாடச்சுமை அதிகமுள்ள அறிவியல் மேஜர்களுக்கும் இது பொருந்தாது, மேஜர் பாடங்களை முதலில் முடியுங்கள் என்று யூசியே சொல்கிறது. ஆனால் எல்லோர் கையிலும் கொடுப்பது அந்த ஒரே தாளைத்தான்.

இன்னொரு சிக்கல், மேஜர் பாடங்கள் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் வரும், கடைசியில் மொத்தமாக அள்ளிப் போட்டுக்கொள்ள முடியாது. செமஸ்டர் காலேஜில் ப்ரீகால்குலஸில் தொடங்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பருவம் ப்ரீகால்குலஸ், இரண்டாவது கால்குலஸ் ஒன்று, மூன்றாவது கால்குலஸ் இரண்டு, நான்காவது கால்குலஸ் மூன்று. இரண்டு வருடம் முடிந்துவிட்டது. கால்குலஸ் வழி இயற்பியலைத் தொடங்கவே முதல் கால்குலஸ் தேவை. ஆக அது இரண்டாம் ஆண்டில்தான் தொடங்கும். மூன்று பருவத் தொடர் என்றால் வசந்தத்தில் முடியாது. விண்ணப்பம் போவதோ இரண்டாம் ஆண்டு நவம்பரில். பெர்க்லியும் யூசிஎல்ஏவும் அடுத்த வசந்த பருவம் வரை முடிப்பதைத்தான் கணக்கில் எடுக்கும். சேர்வதற்கு முந்தைய கோடையில் முடித்துவிடுகிறேன் என்பது அங்கே எடுபடாது. முதல் கோடையை வீணாக்காதீர்கள் என்று நான் தொண்டை வறளச் சொல்வது இதனால்தான். சென்னைக்குப் போகலாம், ஆனால் அந்தக் கோடையில் ஒரு கணக்குப் பாடத்தை முடித்துவிட்டுப் போகலாம்.

சரி, என்ன செய்வது? முதல் பருவத்துக்குப் பதிவு செய்யும் முன்பே அசிஸ்ட் தளத்தைத் திறங்கள். உங்கள் காலேஜ், நீங்கள் போக நினைக்கும் யூசி, மேஜர் மூன்றையும் கொடுத்தால் இடப்பக்கம் யூசியின் பாடம், வலப்பக்கம் அதற்கு ஈடான உங்கள் காலேஜ் பாடம் என்று பட்டியல் வரும். ஒரே மேஜர்தானே என்று ஒரு யூசிக்கு மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். பெர்க்லி கேட்பதை சான் டியேகோ கேட்காது, சான் டியேகோ கேட்பதை அர்வைன் கேட்காது. நான்கைந்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எல்லாவற்றுக்கும் பொதுவானதை முதலில் முடியுங்கள். பொதுக்கல்வி அப்புறம். ஆங்கிலக் கட்டுரைப் பாடங்கள் இரண்டை மட்டும் ஒத்திப்போட வேண்டாம், அவை எல்லோருக்கும் கட்டாயம்.

அந்தப் பட்டியலில் சில இடங்களில் மூன்று பாடங்களைச் சேர்த்து ஒரே கட்டாகப் போட்டிருப்பார்கள். கட்டு முழுவதையும் ஒரே காலேஜில் முடியுங்கள். வேகமாக முடிக்கலாம் என்று, செமஸ்டர் காலேஜில் ஒரு கால்குலஸை எடுத்துவிட்டு, அடுத்ததற்கு டி ஆன்சா மாதிரி குவார்ட்டர் முறையில் நடத்தும் காலேஜுக்குத் தாவுகிறவர்கள் இருக்கிறார்கள். செமஸ்டரில் மூன்றாக வெட்டிய பாடத்தைக் குவார்ட்டரில் நான்காக வெட்டியிருப்பார்கள். வெட்டு வேறு வேறு இடத்தில் விழுவதால் நடுவில் ஒரு பகுதி எதிலும் சேராமல் போகும். அந்தப் பகுதிக்காக முழு வகுப்பையும் திரும்ப எடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

"கவுன்சிலர் சொன்னாரே"

சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். அசிஸ்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவரிடம் வரும் மாணவர்கள் ஏராளம், உங்கள் மேஜரை மனப்பாடமாக வைத்திருக்க அவரால் முடியாது.

உத்தரவாதத்தைத் தப்பாகப் புரிந்துகொள்வது

டேக் என்ற சேர்க்கை உத்தரவாத ஒப்பந்தம் யூசியில் ஆறு இடங்களுக்கு மட்டும்: டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா க்ரூஸ். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோவுக்கு இல்லை. ஆறில் ஒன்றுக்குத்தான் போடலாம், எல்லா மேஜருக்கும் கிடைக்காது. ஆனால் டேக் போட்டாலும் மற்ற யூசிகளுக்கு வழக்கம்போல் விண்ணப்பிக்கலாம். அதனால் போடாமல் விடுவதில் லாபமே இல்லை. "எங்க பையன் பெர்க்லிதான், டேவிஸ் எதுக்கு" என்று கௌரவம் பார்த்துவிட்டு, ஏப்ரலில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

டேக் மனு செப்டம்பரில். அதைப் போட்டாலும், யூசி விண்ணப்பத்தைத் தனியாகப் பின்னர் போட்டே ஆக வேண்டும். இதை மறந்தால் உத்தரவாதம் காலி.

கம்யூனிட்டி காலேஜின் டிரான்ஸ்ஃபர் பட்டம் தரும் உத்தரவாதம் வேறு. அது கால் ஸ்டேட்டுக்கானது. அதிலும் நீங்கள் கேட்கும் வளாகமே கிடைக்கும் என்று சொல்லவில்லை.

சி வாங்கிவிட்டுத் திரும்ப எழுதலாம் என்று நினைப்பது

முடியாது. டி, எஃப் வந்தால்தான் மறுபடி எடுக்க விடுவார்கள், சி அப்படியே நிற்கும். சிக்கல் என்று தெரிந்தால் கெடுவுக்குள் வகுப்பை விட்டு விலகுங்கள். மார்க் ஷீட்டில் விலகியதைக் காட்டும் ஒரு டபிள்யூ விழும், ஜிபிஏவில் சேராது. ஆனால் அதையே பழக்கமாக்கிவிடாதீர்கள். மேஜர் பாடத்தில் இரண்டு மூன்று டபிள்யூ இருந்தால் விண்ணப்பத்தைப் படிப்பவர் கண்ணில் படாமல் போகாது.

கட்டுரையில் அம்மா அப்பா கதை

டிரான்ஸ்ஃபர் மாணவர் நான்கு கேள்விகளுக்கு எழுத வேண்டும், ஒவ்வொன்றும் 350 சொற்களுக்குள். அதில் ஒன்று கட்டாயம்: உங்கள் மேஜருக்கு எப்படித் தயாரானீர்கள்? இதற்கு அப்பா எச்1பி விசாவில் வந்து பட்ட கஷ்டத்தை எழுதுகிறார்கள். அப்பாவை யாரும் சேர்க்கப்போவதில்லை. எந்த வகுப்பு, எந்த ப்ராஜெக்ட், எதில் மாட்டிக்கொண்டு எப்படி வெளியே வந்தீர்கள், அதை எழுதுங்கள்.

சிபாரிசுக் கடிதத்துக்கு அலைய வேண்டாம். யூசி டிரான்ஸ்ஃபர் விண்ணப்பத்தில் அதைக் கேட்பதில்லை.

பழைய காலேஜை மறைப்பது

மறைக்காதீர்கள். ஹைஸ்கூல் படிக்கும்போது வேறு காலேஜில் எடுத்த ஒரே ஒரு பாடமாக இருந்தாலும், அதில் எஃப் வாங்கியிருந்தாலும் எழுத வேண்டும். பிற்பாடு தெரிந்தால் கிடைத்த இடத்தையே ரத்து செய்யலாம்.

நவம்பரோடு வேலை முடிந்தது என்று நினைப்பது

ஜனவரியில் யூசி ஒரு புதுப்பிப்புப் படிவம் கேட்கும். இலையுதிர் பருவ மதிப்பெண், வசந்தத்தில் எடுக்கப்போகும் பாடங்கள், செய்த மாற்றங்கள் எல்லாம் அதில் போக வேண்டும். மாற்றம் எதுவும் இல்லையென்றாலும் படிவம் போக வேண்டும். மெயில் ஸ்பாமில் விழுந்துவிட்டது என்பது காரணமாகாது. அதற்கும் பிறகு வசந்தத்தில் ஒரு மேஜர் பாடத்தை விட்டால் உடனே தெரிவியுங்கள், சேர்க்கை நிபந்தனையில் அந்தப் பாடமும் இருக்கும்.

இடம் கிடைத்த பிறகும் இரண்டு தேதி பாக்கி இருக்கிறது. சேர்கிறேன் என்று சொல்ல ஜூன் 1, கடைசி மார்க் ஷீட் போய்ச் சேர ஜூலை 1. வசந்த மதிப்பெண் முழுதும் ஏறுவதற்குள் பாதிக் குடும்பங்கள் சென்னை விமானத்தில் இருக்கும். மதிப்பெண் ஏறிய பிறகே மார்க் ஷீட்டை அனுப்பும்படி காலேஜ் தளத்தில் ஒரு வசதி இருக்கும். கிளம்பும் முன் அதை டிக் செய்து, பணமும் கட்டிவிடுங்கள். படித்த ஒவ்வொரு காலேஜுக்கும் தனித்தனியாக.